விக்டோரியாவின் காட்டுத்தீ: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகர் மெல்பர்னின் கிழக்கு ஓரத்தில், டான்டினாங் மலையடிவாரத்தில் குடியிருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், கோயம்புத்தூரிலிருந்து மாமா டிவியைப் பார்த்துவிட்டு பதறிப்போய் போன் போடுவார். புதிதாக வேலைக்கு வந்து வாடகை வீடு தேடும் பிள்ளைகள் கேட்பார்கள், தமிழ்ப் பள்ளி வாசலில் குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள் கேட்பார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட மாதிரியே மேலே போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. மெல்பர்ன் குளிர்ப் பிரதேசம் என்றுதானே சொன்னீர்கள்? அங்கே எப்படிக் காடு பற்றி எரியும்?

குளிரும் மழையும் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை. அந்த மழையில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஊரில் மார்கழிப் பனியில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே அந்தப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும், காட்டுக்குள் நடந்தால் காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டத்தின் நடுவில் பாலைவனம். வடக்கிலிருந்து காற்றடிக்கிறது என்றால் அந்தப் பாலை மேல் கிடந்து சூடேறிய காற்று வருகிறது என்று அர்த்தம். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும், கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் மலை முழுக்கக் காய்ந்த காடு இருந்தால் ஒரு பொறி போதும். தென்கிழக்கு ஆஸ்திரேலியா உலகத்திலேயே அதிகம் தீப்பிடிக்கும் பகுதிகளில் ஒன்று என்பதற்கு இதுதான் காரணம்.

2. பேப்பரில் 'கறுப்பு சனி', 'சாம்பல் புதன்' என்றெல்லாம் போடுகிறார்களே, கிழமைக்கு ஒரு தீயா?

ஏறக்குறைய அப்படித்தான். 1851 பிப்ரவரி 6 கறுப்பு வியாழன், 1898 பிப்ரவரி 1 சிவப்புச் செவ்வாய், 1926 பிப்ரவரி 14 கறுப்பு ஞாயிறு, 1939 ஜனவரி 13 கறுப்பு வெள்ளி, 1983 பிப்ரவரி 16 சாம்பல் புதன், 2009 பிப்ரவரி 7 கறுப்பு சனி. சாம்பல் புதன் மட்டும் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாளின் பெயர். 1983இல் தீ வந்ததும் அதே நாள்.

ஏன் கிழமையை வைத்துப் பெயர் என்றால், இங்கே தீ வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தாலும் உயிர்கள் போவது ஒரே நாளில், அந்த நாளிலும் ஒரு மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்: 170 வருட வரலாறு என்பது விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில நாட்கள். அந்த நாட்களின் ஜாதகம் எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. மழையில்லாத மாதங்கள், பல நாள் வெயில், பிறகு பலத்த வடக்குக் காற்று, மாலையில் தென்மேற்குக் காற்று. அதனால் அடுத்தது வரும்போது முதல் நாளே தெரிந்துவிடும், வானிலை அறிக்கையிலேயே சொல்லிவிடுவார்கள்.

3. முதல் பெரிய தீ எது?

வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததில் முதலாவது 1851ஆம் வருடத்துக் கறுப்பு வியாழன். மெல்பர்ன் ஊர் உருவாகி 16 வருடம்தான் ஆகியிருந்தது, விக்டோரியா தனிக் குடியேற்றமாகப் பிரிந்ததே அதே வருடம் ஜூலையில்தான். அந்த ஒரு தீயில் 50 லட்சம் ஹெக்டேர் எரிந்தது என்று கணக்கு; இன்றைய விக்டோரியாவில் கால் பங்கு, நம் கேரளத்தைவிடப் பெரிய பரப்பு. சுமார் பத்து லட்சம் ஆடுகள் செத்தன. மனிதர்கள் 12 பேர்தான், ஏனென்றால் அப்போது அங்கே குடியிருந்தவர்களே மிகக் குறைவு. இன்று அதே தீ வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைய புகை கடல் தாண்டி டாஸ்மேனியாவின் வடக்குக் கரைவரை போய்ப் பகலை இருட்டாக்கியது. வில்லியம் ஸ்ட்ரட் என்ற ஓவியர் பின்னால் அந்த நாளைப் பெரிய ஓவியமாக வரைந்தார்; மெல்பர்னில் உள்ள மாநில நூலகத்தில் இருக்கிறது. ஆட்களும் குதிரைகளும் மாடுகளும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் கட்டாயம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

4. 1939 தீயைப் பற்றி இன்றும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அதைவிடப் பெரியதெல்லாம் வந்திருக்கிறதே.

சட்டம், தீயணைப்பு முறை, தீ அபாயத்தை அளக்கும் அளவுகோல் என்று இன்றைக்கு இங்கே இருக்கும் பலதும் அந்தக் கறுப்பு வெள்ளியிலிருந்து பிறந்தவை. அன்று மெல்பர்னில் 45.6 டிகிரி. 71 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட 20 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, நூஜி, நார்பெத்தாங், உட்ஸ் பாயின்ட் போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. சாம்பல் நியூசிலாந்து வரை போய் விழுந்தது.

இறந்தவர்களில் பலர் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பங்களும். அந்தக் காலத்தில் ஆலைகள் காட்டுக்கு நட்டநடுவில் இருந்தன: மரத்தாலான குடியிருப்பு, மரத்தூள் குவியல், வெளியே வர மரக்கட்டையில் போட்ட டிராம் பாதை, சுற்றிலும் வானம் தொடும் மரங்கள். தீ வந்தால் ஒளிவதற்கு மலைச்சரிவைக் குடைந்து, மேலே கட்டைகளை அடுக்கி மண் போட்டு மூடிய பதுங்குகுழி வைத்திருக்க வேண்டும். வாசலில் ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டு, அது காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். சில ஆலைகளில் குழி இருந்தது, சில முதலாளிகள் வெட்டவே இல்லை. மாட்லாக் பக்கம் ஓர் ஆலையில் 15 பேர் இறந்துபோக, ஒரே ஒருவர் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிழைத்தார். மொத்தம் 69 ஆலைகள் எரிந்தன.

நீதிபதி லெனர்ட் ஸ்ட்ரெட்டன் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். இவை மனிதக் கை மூட்டிய தீ என்று அவர் நேராக எழுதினார். விவசாயிகள் நிலத்தைத் திருத்த வைத்த தீ, வழிப்போக்கர்கள் அணைக்காமல் விட்ட அடுப்பு என்று சின்னச் சின்னதாக வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தவைதான் அந்த வெள்ளிக்கிழமைக் காற்றில் ஒன்று சேர்ந்தன. அதற்கப்புறமும் அரசு உடனே அசையவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். 1943 கடைசியிலும் 1944 தொடக்கத்திலும் இன்னொரு தீ வந்து, அதே ஸ்ட்ரெட்டன் மறுபடியும் விசாரித்த பிறகுதான் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. இன்று சிஎஃப்ஏ என்று மஞ்சள் உடையில் பார்க்கிறோமே, தன்னார்வத் தொண்டர்கள், அந்த அமைப்புதான்.

அளவுகோல் பற்றிச் சொன்னேனே: பின்னால் மெக்கார்த்தர் என்ற காட்டுத்தீ ஆய்வாளர் வெயில், ஈரப்பதம், காற்று, வறட்சி எல்லாவற்றையும் சேர்த்துத் தீ அபாயத்துக்கு ஓர் எண் கொடுத்தார். அதில் 100 என்பது 1939 ஜனவரி 13. அதற்கு மேல் போகாது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2009இல் தாண்டிவிட்டது.

5. எல்லாம் இந்தத் தைல மரத்தால்தானே? அதை வெட்டிவிட்டு வேறு மரம் வைக்கலாமே?

தைல மரம் எரிய உதவுகிறது என்பது உண்மை. ஊட்டியில் தைலம் எடுக்கும் அதே வகை இங்கிருந்தும் டாஸ்மேனியாவிலிருந்தும் போனதுதான், அதனால் இலையைக் கசக்கினால் என்ன வாசனை வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த எண்ணெய் நன்றாக எரியும். அதைவிட மோசம் பட்டை. சில வகைகளில் பட்டை நீள நீளமாக நாடா போல உரிந்து கிளையில் தொங்கும். தீ வந்ததும் அது சுருண்டு பற்றிக்கொண்டு காற்றில் ஏறும், உள்ளே கங்கு கனன்றுகொண்டே பறந்துபோய் வேறெங்கோ விழும். 2009இல் இப்படி 30 கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்து புதுத் தீ மூட்டியிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம் என்ற தைரியமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆனால் வெட்டிவிடலாம் என்பது நடக்காத காரியம். இவை பல லட்சம் வருடங்களாகத் தீயோடு வாழப் பழகிய காடுகள். பெரும்பாலான வகைகள் கரிந்துபோன சில வாரங்களிலேயே அடிமரத்திலிருந்து பச்சைத் தளிர் விடும்; கறுத்த மரத்தில் மேலிருந்து கீழ்வரை குஞ்சம் கட்டியது போல இருக்கும். மலைச்சாம்பல் மரம் என்று இங்கே சொல்லப்படும் வகை வேறு மாதிரி. நூறு மீட்டர் உயரம்வரை போகும், பூக்கும் தாவரங்களில் உலகத்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. பெரிய தீ வந்தால் செத்துவிடும், செத்த கையோடு விதையைக் கொட்டும், அந்தச் சாம்பலில் புதுக் காடு முளைக்கும். புதுக் கன்று விதை தர 20 வருடம் போல ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதை இருக்காது, காடே அங்கே முடிந்துவிடும். இந்தக் கணக்கை 13ஆம் கேள்வி வரை நினைவில் வையுங்கள்.

லெட்பீட்டர் போசம் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு விலங்கு உண்டு. அழிந்தே போய்விட்டது என்று எழுதிவிட்டார்கள். 1961இல் மேரிஸ்வில் பக்கக் காட்டில் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 1939இல் எரிந்து நின்ற பழைய மரங்களின் பொந்துகள்தான் அதற்கு வீடு, சுற்றி முளைத்த இளங்காடு தீனி. 2009 தீ அந்தக் காட்டிலும் நிறைய எடுத்துக்கொண்டது.

6. 'மாலையில் குளிர்ந்த காற்று வரும்' என்று செய்தியில் சொன்னார்கள், அப்பாடா என்று இருந்தது. அது நல்லதுதானே?

தீ இல்லாத நாளில் நல்லது. தீ எரிகிற நாளில் அதைவிட ஆபத்தான நேரம் கிடையாது. இதை மட்டுமாவது எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். காலையிலிருந்து வடக்குக் காற்று அடிக்கிறது, தீ தெற்கும் தென்கிழக்கும் பார்த்து ஓடுகிறது. எரிந்த இடம் மூங்கில் இலை மாதிரி ஒடுங்கலாக, நீளமாக இருக்கும். எரியும் முனை சின்னது, பக்கவாட்டு ஓரம் முப்பது நாற்பது கிலோமீட்டர் நீளம், ஆனால் அந்த ஓரம் மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வந்து மோதுகிறது. அரை மணி நேரத்துக்குள் அந்த நாற்பது கிலோமீட்டர் ஓரம் முழுவதும் எரியும் முனையாகிவிடும், வடகிழக்குப் பக்கம் பாயும். அதுவரை 'தீ நம்மைத் தாண்டிப் போய்விட்டது' என்று நிம்மதியாக இருந்த ஊர்தான் அடுத்து.

1983 சாம்பல் புதனில் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டு அருகே இரண்டு தீயணைப்பு வண்டிகளில் இருந்த 12 தன்னார்வலர்கள் இப்படித்தான் காற்று மாறிய நேரத்தில் சிக்கி இறந்தார்கள். பழக்கப்பட்டவர்கள், வண்டியும் தண்ணீரும் கையில் இருந்தவர்கள். 2009இல் மேரிஸ்வில் ஊருக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த தீயை மாலைக் காற்று திருப்பியது. ஊரே ஏறக்குறைய முழுதாக எரிந்தது. வெயில் இறங்குகிறது, சிலுசிலு என்கிறது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். காற்று மாறி, அதற்கப்புறம் நிலைமை என்ன என்று அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.

7. மலை உச்சிக்கு ஏறிவிட்டால் தப்பிக்கலாமா?

கூடவே கூடாது. தீக்கு மேல்நோக்கி ஏறுவது சுலபம், சுடர் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்பது கணக்கு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கியதும் புல் நிறைந்த சரிவில்தான். கிங்லேக் என்ற ஊர் மலைமுகட்டில் இருக்கிறது, 2009இல் தீ சரிவு வழியாக ஏறி வந்தது.

8. ஆஸ்திரேலியா மாதிரி வசதியான நாட்டில் 2009இல் 173 பேர் எப்படி இறந்தார்கள்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் பருவம். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தொடர்ந்த வறட்சியின் கடைசிக் கட்டம். ஜனவரி கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல். அந்த வெயில் வாரத்திலேயே, தீ வருவதற்கு முன்பே, வழக்கத்தைவிட 374 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். அதை யாரும் நினைப்பதே இல்லை. பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி, 1939 சாதனை முறிந்தது. மோசமான நாளாக இருக்கும் என்று முதல் நாளே மாநில முதல்வர் எச்சரித்திருந்தார். ஆக, தெரியாமல் வந்த தீ என்று சொல்ல முடியாது.

அப்போதைய அறிவுரை 'தயாராகி இருந்து வீட்டைக் காப்பாற்று, அல்லது சீக்கிரம் கிளம்பு' என்பது. கேட்க நியாயமாக இருக்கும். சாதாரணத் தீயில் அது பலித்தும் இருக்கிறது: தண்ணீர்த் தொட்டி, பம்பு, ஈரத்துணி வைத்துக்கொண்டு கங்குகளை அணைத்து வீட்டைக் காத்தவர்கள் ஏராளம். ஆனால் பலர் இந்த இரண்டையும் செய்யவில்லை. 'பார்ப்போம், பக்கத்தில் வந்தால் கிளம்புவோம்' என்று காத்திருந்தார்கள். தீ அரை மணி நேரத்தில் வந்து நின்றபோது சாலை புகையில் மறைந்துவிட்டது, மரங்கள் குறுக்கே விழுந்துவிட்டன. கில்மோர் ஈஸ்டில் தொடங்கிய ஒரே தீயில் 119 பேர். மொத்தம் இறந்த 173 பேரில் 113 பேர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள், சிலர் குளியலறையில், ஈரத் துண்டோடு.

அதன்பின் பெர்னார்ட் டீக் தலைமையிலான ஆணையம் 67 பரிந்துரைகள் தந்தது. மிகக் கொடிய நாட்களில் எவ்வளவு தயாரான வீடும் காக்கத் தக்கதல்ல, கிளம்புவது ஒன்றே வழி என்று அறிவுரை மாறியது. அதற்கென்றே உச்ச எச்சரிக்கை ஒன்றை உருவாக்கினார்கள். 2022 முதல் தீ அபாய எச்சரிக்கைக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி நான்கு படிகள், மேல்படிக்குப் பேரழிவு நிலை என்று பெயர்.

9. யார்தான் தீ வைக்கிறார்கள்? பிடித்து உள்ளே போட்டால் நின்றுவிடாதா?

தீ வைப்பவர்கள் உண்டு. 2009இல் கிப்ஸ்லாண்டின் சர்ச்சில் பக்கம் 11 பேரைக் கொன்ற தீயை வைத்தவர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார். ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டால் மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதே நாளில் தொடங்கிய 11 பெரிய தீக்களில் 5 மின்கட்டமைப்பில் ஏற்பட்ட பழுதால் வந்தவை. 4ஆம் பதிலில் சொன்ன மனிதக் கைதான், வேறு வடிவத்தில். கில்மோர் ஈஸ்ட் தீ ஒரு பழைய மின்கம்பி அறுந்ததில் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்குப் போட்டு சுமார் 50 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள்.

மின்னலும் பெரிய காரணம். 2003 ஜனவரியில் ஒரே மின்னல் புயல் மலைப்பகுதியில் 80க்கும் மேற்பட்ட இடங்களில் தீ மூட்டியது, அணைக்க இரண்டு மாதம் பிடித்தது, 13 லட்சம் ஹெக்டேர் போனது. மின்னலை யார் பிடித்து உள்ளே போடுவது?

10. காரில் போகும்போது தீ சூழ்ந்துகொண்டால் இறங்கி ஓடுவதுதானே புத்திசாலித்தனம்?

1969 ஜனவரி 8 அன்று மெல்பர்னுக்கும் ஜீலாங்குக்கும் நடுவே லாரா என்ற இடத்தில் நெடுஞ்சாலையில் புல்வெளித் தீ குறுக்கிட்டது. காரை விட்டு இறங்கி ஓடியவர்கள்தான் இறந்தார்கள், அந்த ஒரு சாலையில் 17 பேர். காருக்குள்ளேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கொல்வது பெரும்பாலும் அனல்தான். காரின் தகடும் கண்ணாடியும் கொஞ்ச நேரம் அதை மறைக்கும், புல்தீ அந்தக் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடும். அதனால் மரம் செடி இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், காற்றுத் துவாரங்களை மூடுங்கள், ஜன்னலுக்குக் கீழே குனிந்து கம்பளியால் முழுக்க மூடிக்கொள்ளுங்கள். கோடையில் என் காரில் கம்பளிப் போர்வை எப்போதும் கிடக்கும், நைலான் சமாச்சாரம் உதவாது, உருகி ஒட்டிக்கொள்ளும். காட்டுத்தீயில் கார் தாங்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இது வேறு வழியே இல்லாதபோது செய்வது.

11. 2019-20 தீதானே எல்லாவற்றையும்விடப் பெரியது? உலகமே பேசியதே.

நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பிரமாண்டம். விக்டோரியாவில் மட்டும் 15 லட்சம் ஹெக்டேர். 1851ஐயும் 1939ஐயும்விடக் குறைவு. தீயில் நேரடியாக இறந்தவர்கள் நாடு முழுக்க 33 பேர், விக்டோரியாவில் 5 பேர். பரப்பையும் உயிரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: 2003, 2006-07 தீக்கள் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தும் உயிரிழப்பு மிகக் குறைவு, 1983இல் அதில் ஆறில் ஒரு பங்குதான் எரிந்தது, விக்டோரியாவில் மட்டும் 47 பேர் போனார்கள். காடு எங்கே இருக்கிறது, அதன் ஓரத்தில் எத்தனை வீடு என்பதைப் பொறுத்தது.

2019 டிசம்பர் 31 காலை மல்லகூட்டா என்ற கடலோர ஊரில் விடிந்த பிறகும் விடியவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களும் ஊர்க்காரர்களுமாக நாலாயிரம் பேர் போல கரையில், படகுத்துறையில் நின்றார்கள், வானம் ரத்தச் சிவப்பு. வெளியேற இருந்த ஒரே நெடுஞ்சாலை மூடிவிட்டது. கடைசியில் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப்போனது. அந்தப் புகை மெல்பர்னுக்கும் வந்தது, ஜனவரி நடுவில் என் பையனை நாலு நாள் வெளியே விளையாட விடவில்லை. அந்தக் கோடையின் புகையால் நாட்டின் கிழக்குப் பகுதியில் சுமார் 417 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள், தீயில் இறந்தவர்களைப் போல பத்து மடங்குக்கும் மேல்.

12. பழங்குடியினர் அவர்களே தீ வைத்துத்தான் காட்டைக் காத்தார்களாமே? அதையே இப்போதும் செய்தால் என்ன?

செய்தார்கள், பல்லாயிரம் வருடமாக. குளிர்ந்த, காற்றில்லாத நாளாகப் பார்த்துச் சின்னச் சின்னத் திட்டுகளாக எரிப்பது. கணுக்கால் உயரத் தீ, பக்கத்தில் நடந்து போகலாம், மேலே மரத்தின் இலைகூட வாடாது, பூச்சியும் பல்லியும் விலகிப்போக நேரம் இருக்கும். எரிந்த இடத்தில் புதுப் புல் வரும், அதை மேய விலங்கு வரும். அவர்களை நிலத்திலிருந்து விரட்டிய பிறகு அது நின்றுபோனது. 1851க்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நினைப்பவர்கள் பலர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2017 முதல் மத்திய விக்டோரியாவில் ஜாஜாவுருங் மக்கள் தங்கள் முறைப்படி மீண்டும் எரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், ரொம்ப நல்ல விஷயம்.

அரசும் தன் பங்குக்குத் திட்டமிட்டு எரிக்கிறது. 2009 ஆணையம் வருடத்துக்குப் பொது நிலத்தில் 5 சதவீதமாவது எரிக்கச் சொன்னது. இலக்கை எட்டுவதற்காக யாரும் இல்லாத தொலைதூரத்தில் எரித்துக் கணக்குக் காட்டுவதில் பயனில்லை என்று பிறகு அதைக் கைவிட்டு, ஊர்களுக்கு எங்கே அபாயம் குறையுமோ அங்கே எரிப்பது என்று மாற்றினார்கள். என் கருத்து: வீடுகளுக்கு அருகே எரிப்பது கட்டாயம் உதவும், சாதாரணக் கோடையில் தீயணைப்பவர்களுக்குப் பிடி கிடைக்கும். ஆனால் 2ஆம் பதிலில் சொன்ன மாதிரி நாட்களில் தீ மரத்தின் உச்சி வழியாகவும் பறக்கும் கங்கு வழியாகவும் போகிறது, தரையில் சருகு இல்லாததால் நிற்காது. மலைச்சாம்பல் காட்டில் இந்த முறை பொருந்தவும் பொருந்தாது. வருடத்தில் முக்கால்வாசி ஈரமாக இருக்கும், எரியாது, எரியும் நிலைக்கு வந்தால் அடக்க முடியாது.

13. 1851லேயே இவ்வளவு பெரிய தீ வந்திருக்கிறதே, அப்புறம் எதற்குக் காலநிலை மாற்றம் என்கிறீர்கள்?

தீ எப்போதும் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. மாறியிருப்பது இடைவெளி. 1910 முதல் ஆஸ்திரேலியாவின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி அளவுக்குக் கூடிவிட்டது, தென்கிழக்கில் குளிர்கால மழை குறைந்திருக்கிறது, தீப் பருவம் முன்னாலும் பின்னாலும் நீண்டுவிட்டது. நாட்டின் பதிவுகளிலேயே மிகச் சூடான, மிக வறண்ட வருடம் 2019.

இப்போது 5ஆம் பதிலின் 20 வருடக் கணக்கை எடுங்கள். 2003, 2006-07, 2009, 2013, 2019-20. மலை மேல் சில இடங்கள் இந்த வருடங்களுக்குள் இரண்டு முறை, சில மூன்று முறை எரிந்திருக்கின்றன. கன்று விதை தருவதற்குள் அடுத்த தீ. வனத்துறை ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவிக் காப்பாற்றப் பார்க்கிறது, அந்த விதையும் எரியாத காட்டிலிருந்துதான் சேகரிக்க வேண்டும், அது சுருங்கிக்கொண்டே வருகிறது. தாய்மரம் வெறும் வெள்ளைக் கம்பாக நிற்க, கீழே குட்டிக் கன்றுகளும் கருகி நிற்பதை மலைப்பாதையில் பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

14. அக்கா, ஜனவரியில்தானே பொங்கல். வாசலில் விறகு வைத்துப் பொங்கலாமா?

முழுத் தீத் தடை அறிவித்த நாளில் கூடாது. விறகு, கரி, சுள்ளி எதையும் வெளியில் மூட்டக் கூடாது, மீறினால் பெரிய அபராதம், சிறைகூட உண்டு. கேஸ் அடுப்பிலோ மின் அடுப்பிலோ வெளியே பொங்கலாம்: அடுப்பு ஆடாமல் நிற்க வேண்டும், சுற்றி மூன்று மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, குழாயோ குறைந்தது பத்து லிட்டர் தண்ணீரோ கையருகே வேண்டும், பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். தடை இல்லாத நாளிலும் தீப் பருவத்துக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, உங்கள் பகுதிக்கு என்ன என்று முதல் நாள் மாலையே பாருங்கள்.

பொங்கலும் கறுப்பு வெள்ளியும் ஒரே வாரம். நாங்கள் பத்து வருடமாக வெண்கலப் பானையை கேஸ் அடுப்பில்தான் வைக்கிறோம். நன்றாகவே பொங்குகிறது.

15. டான்டினாங் பக்கம் வீடு மலிவாக, அழகாக இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே அங்கேதானே இருக்கிறீர்கள்?

இருக்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். 1962 ஜனவரியில் இந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வந்த தீயில் 32 பேர் இறந்தார்கள். 1983இல் பக்கத்து காக்கட்டூ ஊர் எரிந்தபோது, குழந்தைகளும் பெரியவர்களுமாக முந்நூறு பேர் போல மழலையர் பள்ளிக் கட்டடத்துக்குள் அடைந்துகொண்டார்கள், சிலர் கூரைமேல் ஏறி விழும் கங்குகளை அணைத்துக்கொண்டே இருந்தார்கள், உள்ளே இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். மறுபடியும் வரும். எந்தக் கோடையில் என்றுதான் சொல்ல முடியாது.

வாங்குவதானால் அந்த மனைக்குத் தீத்தாக்கு நிலை, அதாவது தீ வந்தால் அங்கே எவ்வளவு அனல் தாக்கும் என்ற அளவு, என்ன என்று கேளுங்கள். 12.5, 19, 29, 40 என்று ஏறிக்கொண்டே போகும், அதற்கும் மேலே சுடரே வந்து தொடும் வகை. 2009க்குப் பிறகு கட்டிய வீடுகளில் அதற்கேற்ப விதிகள் கடுமையானவை. பழைய வீட்டில் நீங்களேதான் பார்க்க வேண்டும். வீடுகள் பெரும்பாலும் பற்றுவது கங்கினால். கூரை வாய்க்காலில் சருகு, ஓட்டுக்கு அடியில் இடைவெளி, மரத் தாழ்வாரத்தின் பலகைச் சந்து, கதவுக்கு வெளியே கிடக்கும் தென்னை நார் மிதியடி, இங்கெல்லாம் கங்கு போய் உட்காரும். துவாரங்களில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை அடித்திருக்கிறதா பாருங்கள். வெளியேற ஒரே சாலை மட்டும் இருந்தால், எவ்வளவு அழகான வீடானாலும் நான் வாங்க மாட்டேன்.

எங்கள் வழக்கம் இதுதான். அடுத்த நாள் 8ஆம் பதிலில் சொன்ன நான்கு படிகளில் மேல் இரண்டில் ஒன்று என்று முதல் நாள் மாலை அறிவித்தால், காரில் பெட்ரோல் போட்டு, பாஸ்போர்ட் உறையும் அம்மாவின் மாத்திரைகளும் உள்ள பையை வாசலில் வைத்துவிட்டுப் படுப்போம். காலை எட்டு மணிக்கு நகருக்குள் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விடுவோம், புகை தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. காற்று மாறி, அறிவிப்பு வந்த பிறகுதான் திரும்புவோம். போன கோடையில் இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. வீடு பார்க்கப் போகிற அன்று சொல்லுங்கள், கூட வருகிறேன், வாய்க்காலை ஏறிப் பார்க்க ஏணியும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.